விதிமுறைகளில் எழுதிவிட்டால் அந்த நாட்டுச் சட்டம்தானா?

வேறொரு நாட்டில் பதிவுபெற்ற இணையச் சேவை ஒன்றுக்கு ஓராண்டுச் சந்தா கட்டியிருக்கிறீர்கள். சில நாள்களிலேயே வேண்டாமென்று ரத்து செய்தீர்கள். பணத்தைத் திருப்பித் தர மறுத்த நிறுவனம், "இந்த ஒப்பந்தத்துக்கு எங்கள் நாட்டுச் சட்டமே பொருந்தும், வழக்கென்றால் எங்கள் நாட்டு நீதிமன்றத்தில்தான்" என்ற விதிமுறை வரியை எடுத்துக் காட்டியிருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன் என்ற பொத்தானை அழுத்திவிட்டதால் என் நாட்டுச் சட்டம் இனி எனக்குத் துணைக்கு வராதா என்று கேட்கிறீர்கள். எந்தச் சட்டம் என்று ஒரே கேள்வியாகக் கேட்டிருந்தாலும் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. எந்த நாட்டு நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம், அந்த நீதிமன்றம் எந்த நாட்டுச் சட்டத்தைக் கையில் எடுக்கும், தீர்ப்பு கிடைத்தால் பணம் கைக்கு வந்து சேருமா. ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக இத்தகைய தகராறுகளைக் கையாளும் வழக்கறிஞன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த மூன்றையும் கலந்துவிடுவதால்தான் பெரும்பாலானவர்கள் கிடைக்கக்கூடிய பணத்தையும் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் கேட்க வேண்டியது நீதிமன்றத்தைப் பற்றிய கேள்வி. எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்று தீர்மானிக்கும் விதிகளே நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. தனியார் சர்வதேசச் சட்டம் என்று இந்தத் துறைக்குப் பெயர் இருந்தாலும், பெரும்பகுதி அது ஒவ்வொரு நாடும் தன் நீதிபதிகளுக்கென வகுத்துக்கொண்ட உள்நாட்டு விதிதான். ஒரே ஒப்பந்தத்தை ஜெர்மனி நீதிபதியிடம் கொடுத்தால் ஒரு முடிவும், கலிஃபோர்னியா நீதிபதியிடம் கொடுத்தால் இன்னொரு முடிவும் வரலாம். உலகம் முழுவதற்கும் பொதுவான உடன்படிக்கை எங்காவது இருக்கும் என்று பலர் தேடுகிறார்கள். புகழ்பெற்ற உடன்படிக்கைகள் நுகர்வோரைக் கவனமாக வெளியே நிறுத்தியிருக்கின்றன. பொருள் விற்பனை பற்றிய 1980ஆம் ஆண்டின் ஐ.நா. வியன்னா உடன்படிக்கை, சொந்த உபயோகத்துக்கும் வீட்டுக்கும் வாங்கும் பொருள்களைத் தன் 2ஆவது பிரிவிலேயே விலக்கிவிடுகிறது. நீதிமன்றத் தெரிவு பற்றிய 2005ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையும், சட்டத் தெரிவு பற்றிய 2015ஆம் ஆண்டின் ஹேக் கோட்பாடுகளும் அப்படியே. நுகர்வோர் பாதுகாப்பை ஒவ்வொரு நாடும் தன் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறது.

இரண்டு வணிக நிறுவனங்கள் ஒப்பந்தம் செய்யும்போது, தங்களுக்கு வேண்டிய நாட்டின் சட்டத்தைத் தெரிவு செய்துகொள்ள உலகின் பெரும்பாலான நீதிமன்றங்கள் அனுமதிக்கின்றன. இருபுறமும் வழக்கறிஞர் இருக்கிறார்கள், பேரம் நடக்கிறது, சட்டத் தெரிவுக்கும் சேர்த்தே விலை பேசப்படுகிறது. நுகர்வோர் ஒப்பந்தத்தில் அந்தப் பேரமே கிடையாது. நிறுவனம் எழுதியதை ஏற்க வேண்டும், அல்லது சேவையை விட்டுவிட வேண்டும். ஆகவே இங்கே மட்டும் அந்தச் சுதந்திரத்துக்கு எல்லை கட்ட வேண்டும் என்பதில் பல நாடுகள் ஒத்துப்போகின்றன. எல்லையை எந்த இடத்தில் கட்டுவது என்பதில்தான் வேறுபாடு.

எல்லை மிகத் தெளிவாகக் கட்டப்பட்டிருப்பது ஐரோப்பிய ஒன்றியத்தில். 2009 டிசம்பர் 17 முதல் செய்யப்பட்ட ஒப்பந்தங்களுக்குப் பொருந்தும், எந்த நாட்டுச் சட்டம் என்பதைத் தீர்மானிக்கும் ரோம்-1 ஒழுங்குவிதியின் 6ஆவது பிரிவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிறுவனம் நுகர்வோர் வசிக்கும் நாட்டில் தொழில் நடத்தினாலோ, அந்த நாட்டை நோக்கித் தன் தொழிலைச் செலுத்தினாலோ, ஒப்பந்தமும் அந்தத் தொழிலின் எல்லைக்குள் வந்தால், நுகர்வோர் வழக்கமாக வசிக்கும் நாட்டின் சட்டமே பொருந்தும். வேறு சட்டத்தைத் தெரிவு செய்து எழுதிக்கொள்ளலாம். ஆனால் நுகர்வோரின் நாட்டில் ஒப்பந்தத்தால் விலக்க முடியாத விதிகள் தரும் பாதுகாப்பை அந்தத் தெரிவு பறித்துவிட முடியாது. இது ஏட்டுச் சமாச்சாரம் அல்ல. தொலைவிலிருந்து செய்யும் ஒப்பந்தங்களிலிருந்து 14 நாள்களுக்குள் காரணம் சொல்லாமலே விலகும் உரிமையை 2011ஆம் ஆண்டின் ஐரோப்பிய நெறிமுறை தருகிறது. அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டத்தில் சாதாரண இணையக் கொள்முதலுக்கு அப்படிப் பொதுவான உரிமை இல்லை. ஐரோப்பியர் ஒருவர் அமெரிக்க நிறுவனத்திடம் சந்தா கட்டினால், ஒப்பந்தத்தில் கலிஃபோர்னியா என்று எழுதியிருந்தாலும் மேற்சொன்ன நிபந்தனைகள் நிறைவேறுமானால் அந்த 14 நாள் அவரோடு வரும். இதில் ஓர் எச்சரிக்கை: இணையத்தில் உடனே பயன்படுத்தத் தொடங்கும் டிஜிட்டல் உள்ளடக்கத்துக்கு, வாங்குபவர் வெளிப்படையாகச் சம்மதித்து, விலகும் உரிமையை இழப்பதையும் ஒப்புக்கொண்டிருந்தால், உரிமை போய்விடக்கூடும். பணம் கட்டியபோது அப்படியொரு கட்டத்தில் குறியிட்டீர்களா என்று பாருங்கள்.

நீதிமன்றத்துக்கும் இணையான ஏற்பாடு அங்கே உண்டு. 1215/2012 என்ற எண்ணுள்ள ஒழுங்குவிதியின்படி, நுகர்வோர் தான் வசிக்கும் ஊர் நீதிமன்றத்திலேயே நிறுவனத்தின் மீது வழக்குத் தொடரலாம். நிறுவனம் ஒன்றியத்துக்கு வெளியே இருந்தாலும் தொடரலாம். நிறுவனம் நுகர்வோர் மீது வழக்குப் போடுவதானால் அவருடைய நாட்டுக்குத்தான் வர வேண்டும். இதை மாற்றும் உடன்பாடு, தகராறு எழுந்த பின் செய்யப்பட்டாலோ, நுகர்வோருக்குக் கூடுதலாக ஒரு நீதிமன்றத்தைத் திறந்துவிட்டாலோதான் பொதுவாகச் செல்லும். சந்தா கட்டும் நாளில் எழுதி வாங்கிய வரி அந்தச் சோதனையில் தேறாது.

அப்படியானால் "நோக்கித் தொழிலைச் செலுத்துவது" என்றால் என்ன? வழக்கு பெரும்பாலும் இங்கேதான் வெல்கிறது அல்லது தோற்கிறது. இணையதளம் எல்லா நாட்டிலும் திறக்கிறது என்பதாலேயே எல்லா நாட்டையும் நோக்கியதாகாது என்று ஒன்றியத்தின் உயர்ந்த நீதிமன்றமான ஐரோப்பிய நீதிமன்றம் 2010இல், ஹோட்டல் ஆல்பன்ஹோஃப் தொடர்பான வழக்கையும் இன்னொரு வழக்கையும் சேர்த்துத் தீர்ப்பளித்தபோது சொன்னது. நிறுவனத்துக்கு அந்த நாட்டு வாடிக்கையாளர் வேண்டும் என்ற எண்ணம் தெரிய வேண்டும். அதற்கு அடையாளங்களையும் கொடுத்தது: தொழிலின் சர்வதேசத் தன்மை, தன் நாட்டில் வழங்காத மொழியிலோ நாணயத்திலோ முன்பதிவு செய்யும் வசதி, நாட்டுக் குறியீட்டுடன் தொலைபேசி எண், பிற நாட்டவர் எளிதில் தளத்தைக் கண்டடைய தேடுபொறிக்குச் செலவிட்ட பணம், தன் நாட்டுக்கு உரியதல்லாத இணைய முகவரி, பல நாட்டு வாடிக்கையாளர்களைப் பற்றிய குறிப்பு. வெறும் மின்னஞ்சல் முகவரி போதாது. 2013இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. ஜெர்மனியின் சார்ப்ரூக்கனில் வசித்த ஒருவர் எல்லைக்கு அப்பால் பிரான்சில் பழைய கார் வாங்கினார். விற்பவரைப் பற்றி அவருக்குச் சொன்னவர்கள் தெரிந்தவர்கள். இணையதளத்தை அவர் பார்க்கவே இல்லை. அப்படியிருந்தும் அந்தத் தளம் ஜெர்மனியை நோக்கியதாக இருந்தால் போதும், அதைப் பார்த்துத்தான் வாங்கினார் என்று காட்டத் தேவையில்லை என்றது நீதிமன்றம். இந்த நிலைப்பாடு சரியானது என்றே கருதுகிறேன். எந்த விளம்பரத்தைப் பார்த்து மனம் அசைந்தது என்று ஒரு மனிதரை நிரூபிக்கச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாதது.

உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான தீர்ப்பு 2016இல் வந்தது. லக்ஸம்பர்கில் பதிவுபெற்ற அமேசான் நிறுவனம் ஆஸ்திரிய வாடிக்கையாளர்களுக்கு விற்றது. விதிமுறைகளில் லக்ஸம்பர்க் சட்டம் பொருந்தும் என்று இருந்தது. ஆஸ்திரிய நுகர்வோர் சங்கம் வழக்குத் தொடுத்தது. நுகர்வோரின் சொந்த நாட்டுக் கட்டாயப் பாதுகாப்பும் சேர்ந்தே பொருந்தும் என்பதைச் சொல்லாமல், அந்த ஒரு சட்டம்தான் பொருந்தும் என்ற தவறான எண்ணத்தை உண்டாக்கும் வரி நியாயமற்றது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பை என்னிடம் வருபவர்களுக்கு விளக்கிச் சொல்லாத மாதம் குறைவு. அந்த வரி நீதிமன்றத்துக்கு வந்தால் உதிர்ந்துபோகக்கூடியது என்று தெரியாமல், படித்த மாத்திரத்தில் உரிமை போய்விட்டது என்று மனம் தளர்ந்து பின்வாங்குபவர்களை நான் ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். அந்த வரிக்கு உண்மையான பலம் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் ஐரோப்பிய விதியும் எல்லாவற்றையும் தழுவாது. சேவை முழுவதும் வேறு நாட்டிலேயே வழங்கப்பட்டால் ரோம்-1இன் நுகர்வோர் பாதுகாப்பு கிடைக்காது. வெளிநாட்டு ஹோட்டலில் தங்கியவர் தன் ஊர் நீதிமன்றத்தில் வழக்குப் போட முடிந்தாலும், அந்த நீதிபதி ஹோட்டல் இருக்கும் நாட்டுச் சட்டத்தைப் பார்த்தே தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கும். நீதிமன்றமும் சட்டமும் வேறுவேறு என்று தொடக்கத்தில் சொன்னது இதற்காகத்தான். போக்குவரத்து ஒப்பந்தங்களும் (பயணத் தொகுப்புகள் தவிர), வீட்டு வாடகை போன்ற அசையாச் சொத்து ஒப்பந்தங்களில் பெரும்பாலானவையும் வெளியே நிற்கின்றன. விமானப் பயணத்துக்கு 1999ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை போன்ற தனி ஏற்பாடுகள் உண்டு. இணையச் சந்தாவைப் பொறுத்தவரை கவலை வேண்டாம்: சேவையை வசிக்கும் நாட்டில் இருந்தபடியே தொலைவிலிருந்து பெற்றால், அது "முழுவதும் வெளிநாட்டில் வழங்கப்பட்ட சேவை" ஆகாது என்ற பொருளில் 2019இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

மற்ற நாடுகளுக்கு வருகிறேன். சுவிட்சர்லாந்து மிகக் கண்டிப்பானது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 120ஆவது பிரிவு, அதில் சொல்லப்பட்ட வகை நுகர்வோர் ஒப்பந்தங்களில் சட்டத் தெரிவையே அனுமதிப்பதில்லை. ஜப்பானில் 2007 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், வேறு சட்டம் தெரிவு செய்யப்பட்டிருந்தாலும், தன் நாட்டின் குறிப்பிட்ட கட்டாய விதி பொருந்த வேண்டும் என்று நுகர்வோர் நிறுவனத்திடம் தெரிவித்தால் அதைப் பொருத்துகிறது. வாய் திறந்து கேட்டவருக்கே அங்கே உரிமை. இன்ன விதி என்று குறிப்பிட்டு எழுதிய ஒரு கடிதமே நிலைமையை மாற்றிவிடும். சீனாவின் 2010ஆம் ஆண்டுச் சட்டம் நுகர்வோர் வசிப்பிடச் சட்டத்தில் தொடங்கி, அங்கே நிறுவனத்துக்குத் தொழிலே இல்லையென்றால் பொருளோ சேவையோ வழங்கப்பட்ட இடத்தின் சட்டத்துக்குப் போகிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில், அங்கே வசிக்கும் நுகர்வோர் தன் நீதிமன்றத்தை விட்டுக்கொடுத்து எழுதிய வரியை அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே புகார் கொடுக்க வழி செய்கிறது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், இந்தியாவில் நிறுவப்படாவிட்டாலும் இந்திய நுகர்வோருக்கு முறையாக விற்கும் நிறுவனங்களையும் தொடுகின்றன. ஆஸ்திரேலியாவில், கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம், வாஷிங்டன் மாநிலச் சட்டமே பொருந்தும், பணம் திரும்பக் கிடையாது என்று எழுதியிருந்தது. ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின் உத்தரவாதங்களிலிருந்து அந்த வரி நிறுவனத்தைக் காக்கவில்லை. 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதமும் விதிக்கப்பட்டது. 2017இல் மேல்முறையீட்டிலும் நிறுவனம் தோற்றது.

அமெரிக்கா வேறு திசையில் நிற்கிறது. நிறுவனம் எழுதிய தெரிவை மதிப்பதே அங்கே தொடக்கப்புள்ளி. கார்னிவல் க்ரூஸ் லைன்ஸ் வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம், பயணச் சீட்டில் அச்சிட்டிருந்த ஃப்ளோரிடா நீதிமன்ற வரி, நாட்டின் மறுகோடியில் வாஷிங்டன் மாநிலத்தில் வசித்த பயணிகளையும் கட்டுப்படுத்தும் என்றது. சட்டத் தெரிவில், பல மாநிலங்கள் பின்பற்றும் வழி இது: தெரிவு செய்த சட்டத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் நியாயமான தொடர்பு இல்லாவிட்டாலோ, அதிக அக்கறையுள்ள இன்னொரு மாநிலத்தின் அடிப்படைக் கொள்கைக்கு அது முரணானாலோ மட்டுமே தள்ளிவைப்பார்கள். இதோடு, நீதிமன்றத்துக்குப் போகாமல் தனியார் நடுவரிடமே தகராறைத் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாய நடுவர் தீர்ப்பு வரியும், கூட்டு வழக்குத் தொடரமாட்டேன் என்ற வரியும் சேர்ந்து வரும்; 2011இல் ஏ.டி. அண்ட் டி. மொபிலிட்டி வழக்குக்குப் பிறகு அவற்றை உடைப்பது மிகக் கடினம். கனடா இதே கேள்வியில் வேறு முடிவுக்கு வந்தது. 2017இல் ஃபேஸ்புக்குக்கு எதிராகப் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு பயனர் தொடுத்த வழக்கில், கலிஃபோர்னியா நீதிமன்றம் மட்டுமே என்ற வரியைக் கனடா உச்ச நீதிமன்றம் செயல்படுத்த மறுத்தது. பேரம் பேச வழியில்லாத நுகர்வோர் நிலையும், தனியுரிமை என்ற உரிமையின் முக்கியத்துவமும் காரணங்கள். நீதிபதிகள் 4க்கு 3 என்று பிரிந்த தீர்ப்பு அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதில் எது உறுதி, எது ஐயத்துக்குரியது என்று பிரித்துச் சொல்கிறேன். ஒப்பந்தத்தில் எழுதிய சட்டத் தெரிவு நுகர்வோருக்கு எதிராக இறுதிச் சொல் ஆகிவிடாது என்பது ஐரோப்பாவிலும் மேலே சொன்ன பல நாடுகளிலும் உறுதி. வெளிநாட்டுக்கு நேரில் போய்க் கடையில் வாங்கியவருக்கு, அந்தக் கடை அவருடைய நாட்டை நாடி வராதவரை, கடை இருக்கும் நாட்டுச் சட்டமே பொருந்தும் என்பதும் பெரும்பாலும் உறுதி. தொழிலுக்கும் சொந்த உபயோகத்துக்கும் சேர்த்து வாங்கியவர் நுகர்வோரா என்பதில் ஐயம் தொடங்குகிறது. தொழில் பயன்பாடு புறக்கணிக்கத்தக்க அளவு சிறியதாக இருந்தால்தான் நுகர்வோருக்குரிய நீதிமன்றச் சலுகை என்று 2005இல் ஐரோப்பிய நீதிமன்றம் கடுமையாகச் சொன்னது. இரு சட்டங்களில் எது நுகர்வோருக்கு அதிகப் பாதுகாப்பு என்று ஒப்பிடும்போது விதிக்கு விதி ஒப்பிடுவதா, மொத்தமாக ஒப்பிடுவதா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. ஒரே மொழியில், ஒரே நாணயத்தில், எந்த நாட்டையும் குறிப்பிடாமல் உலகம் முழுவதற்கும் விற்கும் செயலி எந்த நாட்டை நோக்கியது என்பதற்கும் 2010இன் அடையாளப் பட்டியல் முழு விடை தருவதில்லை. வசிக்கும் நாட்டைக் கேட்டு வாங்கி, அந்த நாட்டு வரியையும் சேர்த்து வசூலித்த நிறுவனம், நாங்கள் அந்த நாட்டை நோக்கி விற்கவில்லை என்று சொல்வதை ஏற்கக் கூடாது என்பது என் கருத்து. எல்லா நீதிபதிகளும் அப்படியே பார்ப்பார்கள் என்று உத்தரவாதம் தர மாட்டேன்.

மூன்றாவது கேள்விதான் மிகக் கடினமானது. உங்கள் ஊர் நீதிமன்றம் உங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தாலும், நிறுவனத்துக்கு உங்கள் நாட்டில் சொத்தோ கிளையோ இல்லையென்றால் அந்தத் தீர்ப்பை அதன் நாட்டில் நிறைவேற்ற வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இது எளிது. 5,000 யூரோ வரையிலான எல்லை தாண்டிய கோரிக்கைகளுக்குத் தனியே சிறு வழக்கு நடைமுறையும் இருக்கிறது. அதற்கு வெளியே நாடுகளுக்கிடையிலான ஏற்பாட்டைப் பொறுத்தது. வெளிநாட்டுத் தீர்ப்புகளை ஏற்பது பற்றிய 2019ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. சேர்ந்த நாடுகள் இன்னும் குறைவு. ஒரு சந்தாத் தொகைக்காக வெளிநாட்டில் வழக்கறிஞர் வைப்பது பெரும்பாலும் கட்டுப்படியாகாது என்பதை என்னிடம் வருபவர்களிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுகிறேன்.

இதனாலேயே நீதிமன்றத்துக்கு முன்னால் இருக்கும் வழிகளை நான் பெரிதாக மதிக்கிறேன். அட்டையில் பணம் கட்டியிருந்தால், அட்டை வழங்கிய வங்கியிடம் பரிவர்த்தனையை மறுத்து முறையிடலாம். எந்த நாட்டுச் சட்டம் என்ற சிக்கலுக்குள் போகாமல், அட்டை நிறுவனத்தின் சொந்த விதிகளின்படி அது நடக்கும். காலக்கெடு மாதக்கணக்கில்தான் இருக்கும். நிறுவனத்தோடு மின்னஞ்சல் பரிமாறிக்கொண்டே அந்தக் கெடுவைத் தவறவிட்டவர்கள் அதிகம். சில நாடுகளில் இதற்குச் சட்டப் பலமும் உண்டு. பிரிட்டனில் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆவது பிரிவு, குறிப்பிட்ட விலை வரம்புக்குள் உள்ள கொள்முதல்களுக்கு விற்பவரோடு கடன் அட்டை வழங்கியவரையும் பொறுப்பாக்குகிறது. வெளிநாட்டில் வாங்கியவற்றுக்கும் அது பொருந்தும் என்று 2007இல், அப்போது அந்த நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ஐரோப்பாவில் ஐரோப்பிய நுகர்வோர் மையங்கள் எல்லை தாண்டிய புகார்களில் கட்டணமின்றி உதவுகின்றன. ஒன்றியத்தின் இணையவழித் தகராறுத் தீர்வுத் தளம் 2025 ஜூலை 20இல் மூடப்பட்டுவிட்டது. பழைய கட்டுரைகளில் அதன் முகவரியைப் பார்த்துத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

நீங்கள் எந்த நாட்டில் வசிக்கிறீர்கள், நிறுவனம் எந்த நாட்டைச் சேர்ந்தது என்று எழுதவில்லை. அவை தெரியாமல் இன்ன சட்டம் என்று நான் அறுதியிட்டுச் சொல்வது பொறுப்பாகாது. இன்றைக்கே செய்ய வேண்டியவை உண்டு. நீங்கள் பணம் கட்டிய நாளில் இருந்த விதிமுறைகளைச் சேமித்து வையுங்கள்; இணையத்தில் அவை சத்தமின்றி மாறும். விலை எந்த நாணயத்தில் காட்டப்பட்டது, பக்கம் எந்த மொழியில் வந்தது, உங்கள் நாட்டைப் பட்டியலில் தேர்ந்தெடுத்தீர்களா, உங்கள் நாட்டு விற்பனை வரி ரசீதில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பனவற்றைப் படமாக எடுத்து வையுங்கள். ரத்து செய்த நாளும் நேரமும் உள்ள மின்னஞ்சலைத் தனியே வையுங்கள். பிறகு நிறுவனத்துக்குச் சிறு கடிதம் எழுதுங்கள்: நான் இந்த நாட்டில் வசிக்கும் நுகர்வோர், உங்கள் விதிமுறையில் உள்ள சட்டத் தெரிவு என் நாட்டின் கட்டாய நுகர்வோர் விதிகளை விலக்காது, இன்ன விதியின்படி விலகுகிறேன், இத்தனை நாளில் பணம் வராவிட்டால் வங்கியிடமும் நுகர்வோர் அமைப்பிடமும் செல்வேன். விதியின் பெயரையும் எண்ணையும் சரியாக எழுதுங்கள். இரண்டு நாடுகளின் பெயரையும், பணம் கட்டிய தேதியையும் இங்கே பதிலாக எழுதினால், அந்த விதி எது என்று தேடிப் பார்த்துச் சொல்கிறேன்.